ஜேடிடிக்கு மாறிடுங்கக்கா

எங்கள் டயர் கடையில் வேலை செய்கிற தம்பிக்கு வயது இருபத்திரண்டு. நட்டு கழற்றுவதில் கெட்டிக்காரன், வாயில் அதைவிடக் கெட்டிக்காரன். போன வாரம் நான் பில் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, பேராக்தான் இல்லாம போச்சே, இப்ப பந்துல நீங்க எந்த டீமு?"

"பேராக்."

"அதான் இல்லையேக்கா."

"இல்லாட்டி என்ன?"

தலையைச் சொறிந்தான். பிறகு என் மேல் இரக்கப்பட்டவன் போல, "பேசாம ஜேடிடிக்கு மாறிடுங்கக்கா. 2014-லேருந்து லீக்க அவங்கதான் அடிக்கிறாங்க. டென்ஷனே இருக்காது" என்றான். ஜேடிடி என்றால் ஜொகூர் டாருல் தக்சிம், ஜொகூர் மாநிலத்தின் கால்பந்து டீம்.

மாறிடுங்களாம். கைப்பேசி லைன் மாற்றுகிற மாதிரி. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், மாசம் பத்து வெள்ளி மிச்சம் என்கிற மாதிரி. அவனுக்கு அப்போதே பதில் சொல்ல வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். பசியாறிவிட்டு வந்து படியுங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு: 2025-ல் எங்கள் மாநிலத்தின் கால்பந்து டீம் பேராக் எஃப்சி பணப் பிரச்சினையில் சிக்கி மலேசிய சூப்பர் லீக்கை விட்டு விலகிக்கொண்டது. மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வாங்கிய மாநிலம். அடுத்த சீசன் அட்டவணை வந்தபோது மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்துப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்துதான் படித்தேன்.

நான் பேராக்கில் சுங்கை சிப்புட்காரி. டவுனில் இல்லை, டவுனிலிருந்து உள்ளே போகிற செம்மண் சடக்கில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால் வெட்டினார். காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது, பிறகு காடு, மதியம் ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வந்தால் சாப்பாடு, தூக்கம். நாலரை மணிக்கு எழுந்து முகம் கழுவினார் என்றால் அது திடலுக்குப் போக. கோயிலுக்குப் பின்னால் இருந்தது திடல். ஒரு பக்கம் சரிவு. அதனால் டாஸ் ஜெயித்தவன் கண்ணை மூடிக்கொண்டு முதலில் பள்ளத்துப் பக்கத்தைத்தான் கேட்பான், இரண்டாம் பாதியில் களைத்தபிறகு பள்ளத்தை நோக்கி உதைக்கலாமே. கிராணி வீட்டு மாடு கோல் கம்பத்தில் முதுகு சொறிந்து சொறிந்து கம்பமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பெரிய மண்டோர்தான் ரெஃப்ரி. அவருடைய மகன் ஆடினால் அன்று ஆஃப்சைடே கிடையாது.

மே தினத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தோடு மேட்ச் நடக்கும். ஜெயித்த தோட்டத்துக்கு ஒரு வெண்கல நிறக் கிண்ணமும் ஒரு ஆடும். கிண்ணம் எங்கே போனது என்று யாருக்கும் நினைவில்லை. ஆட்டுக் குழம்பைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள்.

அப்பாவுக்கு மலாய் கற்றுக்கொடுத்தது வானொலியில் வரும் பந்து வர்ணனை. பள்ளிக்கூடம் மூன்றாம் ஆண்டோடு சரி. ஹஸ்புல்லா அவாங் குரல் வந்துவிட்டால் வீட்டில் அம்மா கரண்டியைக்கூட சத்தமில்லாமல் வைக்க வேண்டும். இதன் விளைவு என்னவென்றால், அப்பாவின் மலாய் முழுக்கப் பந்து மலாய். ஒருமுறை அரசாங்க அலுவலகம் ஒன்றில் காலையிலிருந்து காத்துக் கிடந்தோம். மதியம் உணவு நேரம் முடிந்தும் கூப்பிடவில்லை. அப்பா கவுண்டருக்குப் போய் மிகப் பணிவாக, "என்சே, இனி மாசா தம்பாஹான்கா?" என்று கேட்டார். இப்போது கூடுதல் நேர ஆட்டமா என்று. அந்த அதிகாரி சிரித்த சிரிப்பில் எங்கள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

என்னை முதலில் ஈப்போ ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அப்பாதான். கப்சாய் மோட்டாரில், அண்ணன் பின்னால், நான் முன்னால் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு. முப்பது கிலோமீட்டர் சொச்சம். அத்தை வாசலில் நின்று, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குண்ணே பந்து?" என்று கத்தியது. அப்பா திரும்பிப் பார்க்காமல், "கண்ணு இருக்குல்ல, பாக்கட்டும்" என்றார். பெண்ணுரிமை பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட நிறைய உரைகளைவிட அது சுருக்கமாக இருந்தது.

ஸ்டேடியத்துக்கு வெளியே புந்தோங்கிலிருந்து வந்த கச்சாங் பூத்தே, கடலை வகைதான். காகிதக் கூம்பில் சூடாக, கொஞ்சம் முறுக்கு உடைத்துப் போட்டு. விற்கிற அண்ணன் தமிழ், வாங்கி மெல்லுகிறவர்கள் மலாய், சீனர், நாங்கள். உள்ளே விளக்கு எரிந்ததும் புல் பச்சையாகத் தெரிந்த விதம்! எங்கள் திடலில் புல் என்பது மாடு மிச்சம் வைத்தது. பாய் விரித்த மாதிரி ஒரே அளவில் புல் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்பது சத்தியமாக நினைவில்லை.

நடுவில் ஒரு கசப்பு உண்டு. 1994-ல் ஆட்டத்தை விலைக்கு விற்ற ஊழல் வெடித்தது. நாடு முழுக்க ஆட்டக்காரர்கள் பிடிபட்டார்கள், தடை செய்யப்பட்டார்கள். அப்பா வானொலியைத் தூக்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். "நான் பால் வெட்டுன காசுல டிக்கெட்டு வாங்குறேன், அவன் அங்க காச வாங்கிட்டுத் தோக்குறான்." கோபம் நான்கு வருஷம் இருந்தது. அவர் மாறவில்லை என்பதைக் கவனிக்கவும். வேறு டீமுக்குப் போகவில்லை. சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி, பேச்சு வார்த்தை இல்லாமல், ஆனால் அடுத்த வீட்டுக்காரனிடம் ரிசல்ட் மட்டும் விசாரித்துக்கொண்டு இருந்தார்.

1998-ல் பேராக் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனது. எனக்குப் பன்னிரண்டு வயது. 1970-க்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை வாங்கியதில்லை, 28 வருஷம். அன்று மாலை அப்பா ஒன்றும் சொல்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி வானொலியை இறக்கினார். வீட்டில் டிவி ஓடுகிறது, ஆனாலும் வானொலியும் வேண்டும், டிவியில் பேசுகிறவனுக்கு வேகம் போதாதாம். லயத்தில் எங்கள் வரிசை முழுக்க எங்கள் வீட்டு முன் அறையில். திரங்கானுவோடு 1-1, பிறகு பெனால்ட்டி. வானொலி டிவியைவிட ஒரு நொடி முந்தி. ஆகவே கோல் விழுவதற்கு முன்பே அப்பா குதித்துவிடுவார், அவரைப் பார்த்து நாங்கள் குதிப்போம், அதற்குப் பிறகு திரையில் பந்து உள்ளே போகும். 5-3. மறுநாள் பெரட்டுக்கு மண்டோர் தலையில் பேராக்கின் மஞ்சள் நிறத்தில் துண்டு கட்டிக்கொண்டு வந்து பெயர் கூப்பிட்டாராம். துரை ஏன் என்று கேட்கவில்லை. துரையும் பேராக்காரர்தான்.

பிறகு தோட்டம் கைமாறியது, பால்மரம் போய் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், நாங்கள் டவுனுக்குப் பக்கத்தில் தாமானுக்கு வந்தோம். குழாயில் எப்போதும் தண்ணீர், கழிவறை வீட்டுக்குள்ளே. குறை சொல்ல மாட்டேன், அம்மா முதல் ஒரு மாதம் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாமானில் திடல் என்று வரைபடத்தில் பச்சையாக ஒரு சதுரம் உண்டு. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

என் மற்ற கிறுக்குகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பந்து மட்டும்தான் என்று நினைப்பீர்கள். 2006-ல் யோகி பி நட்சத்திரா கேட்டு, ஈப்போவுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் உதடு மட்டும் அசைத்து ராப் பாடிய பெண் நான். நம்ம ஊர் உச்சரிப்பில் ஒருவன் தமிழில் இவ்வளவு வேகமாகத் திட்டாமல் பேச முடியும் என்பதே எனக்குப் பெரிய செய்தி. ரஜினி என்றால் எங்கள் குடும்பத்தில் வயது வித்தியாசம் கிடையாது. 2016-ல் கபாலி வந்தபோது மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். தமிழ்நாட்டில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு, என்ன ஆனது என்று சொல்லாமல் படம் முடிகிறது. இங்கே மட்டும் போலீசிடம் சரணடைந்தார் என்று திரையில் எழுதிப் போட்டார்கள். தியேட்டரில் ஒரு கிழவர் சத்தமாக, "அத நாங்க பாத்துக்குறோம், நீ எழுதாத" என்றார். அந்த வருஷத்தின் சிறந்த விமர்சனம் அதுதான்.

என் வீட்டுக்காரர் கிள்ளான்காரர், சிலாங்கூர் ரசிகர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்பா அவரிடம் சம்பளம் கேட்கவில்லை, டீம் கேட்டார். பதில் கேட்டு முகம் கொஞ்சம் வாடியது. "33 தடவ கிண்ணம் வாங்கியிருக்கோம் மாமா" என்று இவர் வேறு எடுத்துக் கொடுத்தார். கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம்.

2018 அக்டோபர் 27. மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் திரங்கானு. நானும் அண்ணனும் காடியில் ஷா ஆலாம் போனோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. வீட்டுக்காரர் "உங்க துக்கத்துல நான் எதுக்கு" என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஆட்டம் 3-3. தொண்டை போய்விட்டது. பெனால்ட்டி என்றதும் அண்ணன் திடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். ஆறடி ஆள், மீசை வைத்தவன். "நீ பாத்து சொல்லு" என்றான். நான் கைப்பேசியில் அப்பாவைக் கூப்பிட்டு அதைக் காதில் வைத்துக்கொண்டேன். அங்கே அப்பா பக்கத்தில் வானொலி. நான் கண்ணால் பார்க்கிறேன், எனக்குக் காதில் அப்பா மூச்சு விடுகிறது கேட்கிறது, நான் "உள்ள" என்றால் அண்ணன் தோள் இறங்குகிறது. 4-1. அண்ணன் கிண்ணத்தை வென்ற அந்த உதையை இன்று வரைக்கும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நேரில் இருந்தான். இதை டயர் கடைத் தம்பிக்கு நான் எப்படி விளக்குவது? இதை எடுத்துக்கொண்டு போய் ஜொகூரில் எங்கே வைப்பது?

ஜேடிடி மேல் எனக்குக் கோபமில்லை. ஒழுங்காக நடத்துகிறார்கள், ஜெயிக்கிறார்கள். ஜொகூரில் கப்சாயில் முன்னால் நின்றுகொண்டு போன பெண் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுடைய டீம் அது.

இன்னொரு வகை ஆட்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். ஜெயித்த மறுநாள் மட்டும் "நம்ம புள்ள" என்று படம் போடுகிறவர்கள். ஸ்குவாஷ் ஆடுகிற சிவசங்கரி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் கார் விபத்து, கழுத்தெலும்பில் அடி. திரும்பி ஆடுவாளா என்றே சந்தேகம். அந்த மாதங்களில் என் நட்பு வட்டத்தில் ஒரு பதிவுகூடக் காணோம். அடுத்த வருஷம் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம், 2024-ல் லண்டன் ஸ்குவாஷ் போட்டியில் பட்டம். உடனே ஆளாளுக்கு அவளுக்குச் சித்தப்பா ஆகிவிட்டார்கள். தினா முரளிதரனும் பேர்லி டானும் 2025-ல் உலகப் பூப்பந்துப் போட்டியில் வெள்ளி வாங்கியபோதும் இதே கூத்து. முதல் சுற்றில் தோற்கிற வாரத்திலும் ஸ்கோர் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். அப்போது சித்தப்பா கணக்கை ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்குவாஷ் என்றால் எனக்கும் ரொம்ப நாள் தீபாவளிக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற ஆரஞ்சு பாட்டில்தான். எங்கள் ஊரில் கோர்ட்டைப் பார்த்ததே இல்லை. இப்போது நடு ராத்திரியில் கைப்பேசியில் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு மேட்ச் இல்லாமல் கை நடுங்குகிற மாதிரி இருக்கிறது என்று, போன மாதம் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து சிவசங்கரி ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன்.

ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து ஆடுறாங்க. கோல் எங்க?"

"கோல் இல்லப்பா. செவுத்துல அடிக்கணும்."

"செவுத்துலயா? அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

விளக்கினேன். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அவள் மூலையில் சொருகுகிற பந்துக்கெல்லாம் முழங்காலில் தட்ட ஆரம்பித்தார். திடீரென்று நிறுத்தினார்.

"புள்ள எந்த ஊரு?"

"கெடாப்பா."

கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வடக்கில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பேராக்காரனுக்குப் பந்தில் பக்கத்து மாநிலம் கெடா என்றால் என்ன என்று. அவள் ஒரு கேம் ஜெயித்தாள், அப்பா ஜன்னலைப் பார்த்தார். நான் மெதுவாகச் சொன்னேன்.

"கெடா டீமும் இந்த வருஷம் சூப்பர் லீக்ல இல்லப்பா. லைசென்ஸ் கெடைக்கல."

"அவனுங்களும் இல்லையா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "அப்ப சரி, அடிக்கட்டும்" என்றார்.