தடை எடுத்தது சரி, கூட்டாளி ஆனது எப்ப?

அண்ணா, "2016இல ஒபாமா ஆயுதத் தடையை எடுத்ததோட வியட்நாம் அமெரிக்காவின்ட கூட்டாளி, ரஷ்யா வெளியே" எண்டு போட்டிருக்கிறீங்கள். தடை எடுத்த வருசம் மட்டும்தான் சரி. வியட்நாமுக்கு ஆயுதம் விக்கிறதுக்கு அமெரிக்கா போட்டிருந்த அந்தத் தடையும் ஒரு பகுதி 2014 ஒக்டோபரிலேயே தளர்ந்திட்டுது, கடற்பாதுகாப்புத் தளபாடங்களுக்கு.

ரஷ்யாக் கதை முழுப்பிழை. வியட்நாம் ரஷ்யாட்ட வாங்கின ஆறு கிலோ நீர்மூழ்கியில (நிறை இல்லை, வகையின்ட பேர்) கடைசி வந்து சேர்ந்ததே 2017 ஜனவரியில. நீர்மூழ்கி வாங்கினா உதிரிப்பாகம், பயிற்சி, திருத்த வேலை எல்லாத்துக்கும் வருசக்கணக்கா அதே கடைக்காரனிட்டத்தான் போகவேணும். ஒரு கையெழுத்தில அது அறுந்துபோகாது. அமெரிக்காட்ட இருந்து வந்ததைப் பாருங்கோ: 2017இல கரையோரக் காவற்படையின்ட ஒரு பழைய கப்பல், பிறகு இன்னொண்டு, 2024இல பயிற்சி விமானங்கள்.

2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில வியட்நாம் அரசே சொல்லுது: இராணுவக் கூட்டணி இல்லை, ஒரு நாட்டோட சேர்ந்து மற்றதை எதிர்க்கிறதில்லை, வெளிநாட்டுப் படைத்தளத்துக்கு இடமில்லை. 2023இல அமெரிக்காவுக்குக் குடுத்த 'விரிவான மூலோபாயப் பங்காளி' எண்ட உச்ச இராஜதந்திர அந்தஸ்து சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் முந்தியே இருந்தது.

கொழும்பில இருந்துகொண்டு இது விளங்காமப் போறதுதான் புதினம். 2019இல எங்கட கடற்படையில சேர்ந்த கஜபாகு கப்பல், வியட்நாமுக்குப் போன அந்தக் காவற்படைக் கப்பலின்ட அதே வகை, அமெரிக்கா தந்தது. அதே வருசம் சேர்ந்த பராக்கிரமபாகு, சீனா தந்தது. நாங்கள் ஆற்ற கூட்டாளி, சொல்லுங்கோ?

'கூட்டாளி' எண்டதையும் 'ரஷ்யா வெளியே' எண்டதையும் மாத்திவிடுங்கோ. கீழ நாலு பேர் நம்பி ஷேர் பண்ணிட்டினம்.