சுருளியின் பீ நோட்டு

சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளுகிறவர்கள் இதை அப்புறம் படிக்கலாம். முழுக்க முழுக்க நாய்ப் பீயைப் பற்றிய பதிவு.

எங்கள் வீட்டில் சுருளி என்று ஒருவன் இருக்கிறான். நாலு வயது, 18 கிலோ. கோம்பை என்ற நாட்டு நாய் இனம் கலந்தவன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த வாலைத் தவிர அதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. காலையில் பாக்கெட் தீனி, ராத்திரி எங்களோடு தயிர்சோறு என்று மூன்று வருடம் நிம்மதியாக இருந்தான். போன சித்திரையில் நிம்மதி போனது எனக்குத்தான். ஆபீஸில் ஒருவர் தன் ஜெர்மன் ஷெப்பர்ட் படத்தைக் காட்டினார். முடி அப்படி மின்னியது. "பச்சைக்கறிதான் தலைவா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அன்று ராத்திரியே பச்சைக்கறி கொடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

பச்சைக்கறித் தீனி ஒன்றும் புதுசு இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற கால்நடை மருத்துவர் 1990களில் பரப்பிவிட்டது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு முறை. நம்மூர்க் குழுக்களில் அதிகம் சுற்றுவது 80-10-10: சதைக்கறி 80, எலும்பு 10, ஈரல் வகையறா 10, அந்தப் பத்தில் பாதிதான் ஈரல். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. சுருளிக்கு 450 கிராம். நானும் சமையலறைத் தராசை எடுத்து கிராம் சுத்தமாக நிறுத்தேன். அந்தத் தராசை அம்மா இன்றுவரை தொடுவதில்லை.

உள்ளே போவதற்கு இத்தனை கணக்கு சொன்ன குழுவில், வெளியே வருவதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "டீடாக்ஸ்."

மூன்றாம் நாள் சுருளிக்குக் கழிச்சல். மேலே சளி மாதிரி சீதம் படர்ந்திருந்தது. குழுவில் கேட்டேன். "பயப்படாதீங்க ப்ரோ, மூணு வருஷத்து பாக்கெட் விஷம் வெளியேறுது. நிறுத்திடாதீங்க." நானும் நிறுத்தவில்லை. நாலாம் நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் கேட் சத்தம் கேட்டும் தலையைத் தூக்கிப் பார்க்காமல் படுத்திருந்தான். பால்காரருக்கே பயம் வந்துவிட்டது, இவன் ஏன் குரைக்கவில்லை என்று.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மோஷன் எப்படிப் போகுது?"

"லூஸா போகுது டாக்டர்."

"லூஸுன்னா? தயிரா, மோரா, தண்ணியா?"

முழித்தேன். அவர் விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஒரே கொட்டாகப் போகிறானா, முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறானா? ராத்திரி எழுப்புகிறானா? சீதம் மேலே மட்டுமா, உள்ளே கலந்தா? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. 450 கிராமில் 45 கிராம் எலும்பு என்று மட்டும் தெளிவாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருந்தது பெரிய மனசு.

அந்தக் கேள்விகள் சும்மா கேட்டவை இல்லை என்பதை ஊசி போட்டுக்கொண்டே விளக்கினார். நிறைய நிறையவாக, சில தடவை மட்டும் போனால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடலில். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி, சீதத்தோடு போனால் பெருங்குடல். திடீரென்று கொழுப்பும் புரதமும் கூடினால் குடலில் இருக்கிற நுண்ணுயிர்க் கூட்டம் அதற்குப் பழக நாள் பிடிக்கும். செரிக்காமல் கீழே இறங்கியது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பெருங்குடல் எரிச்சலில் சீதம் சுரக்கும். விஷம் என்று ஒன்று மூன்று வருடம் குடலுக்குள் உட்கார்ந்து நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்காது. கழிவை வெளியேற்றுவது ஈரலும் கிட்னியும் தினமும் பார்க்கிற வேலை. அதற்குக் கழிச்சல் தேவையில்லை.

எனக்குக் கோபம் பச்சைக்கறி மேல் இல்லை, இந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான். உடம்பு "இது ஒத்துக்கவில்லை" என்று சொல்வதற்கு நாய்க்கு இருக்கிற ஒரே வழி அதுதான். அதையும் "நல்லதுக்குத்தான்" என்று மாற்றிச் சொல்லிவிட்டால் அது வேறு எப்படித்தான் சொல்லும்?

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். டாக்டர் கொடுத்த அட்டையில் 1 முதல் 7 வரை எண் போட்டுப் படம் இருந்தது. 1 என்றால் ஆட்டுப் புழுக்கை போலக் காய்ந்த உருண்டை. 7 என்றால் வெறும் தண்ணீர். நமக்கு வேண்டியது 2: கெட்டியாக, கணு கணுவாக, அள்ளினால் தரையில் ஒட்டாமல் வரவேண்டும். 3 என்றால் உருவம் இருக்கும், ஆனால் தரையில் கொஞ்சம் ஒட்டும்; தாங்கலாம். தினமும் எண், நிறம், எத்தனை தடவை, முதல் நாள் என்ன தின்றான் என்று நாலு கட்டம். சந்தேகம் வந்தால் போட்டோ. மாடியிலிருந்து அம்மா பார்த்துவிட்டு, "ஊரு உலகத்துல நாய்ப் பீயைப் போட்டோ எடுக்கிறவன் நீ ஒருத்தன்தான்டா" என்றார்.

வயிறு தேறியதும் மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஒரே வகைக் கறி, கால் பங்கில் ஆரம்பித்து, பத்து நாளில் முழுசாக. நோட்டில் எண் 4-ஐத் தாண்டினால் அடுத்த படி ஏறுவதில்லை. முதல் தடவை நான் ஒரே நாளில் தாவியிருந்தேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் கறிக்கடை பாய் கோழிக்கால் ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார். "தம்பி, நாய்க்குத்தானே, எடுத்துட்டுப் போங்க." கோழிக்கால் என்பது பாதிக்கும் மேல் எலும்பு என்று யோசிக்கவில்லை. இரண்டு நாளில் சுருளி வேப்பமரத்தடியில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் வந்தது சாக்பீஸ் துண்டு மாதிரி. செருப்பு நுனியால் தட்டியதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நோட்டில் 1 என்று எழுதி அடிக்கோடு போட்டேன். எலும்பு கூடினால் இப்படித்தான். இதையே விட்டால் குடலில் இறுகிப்போய் ஆஸ்பத்திரியில்தான் எடுக்கவேண்டி வரும். கோழிக்காலை நிறுத்தி, வேகவைத்த பரங்கிக்காயை இரண்டு கரண்டி சேர்த்ததும் மூன்றாம் நாள் 2-க்கு வந்தான். (வெந்த எலும்பு வேறு கதை. அது சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். குழம்பில் கிடந்த எலும்பை நாய்க்குப் போடும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. விட்டுவிடுங்கள்.)

அடுத்தது ஈரல். விலை மலிவு என்று ஒரு நாள் 200 கிராம் போட்டேன். அவன் கணக்குக்கு 22 கிராம்தான் வரும். மறுநாள் காலை கருப்பாக, கொழகொழவென்று போனான். கை நடுங்கிவிட்டது. கருப்பு என்றால் வயிற்றில் ரத்தக்கசிவு என்று எங்கேயோ படித்திருந்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். "வெள்ளை டிஷ்யூவை நனைச்சு அதுல கொஞ்சம் தேய்ச்சுப் பாருங்க. ஓரத்துல சிவப்போ துருக் கலரோ பரவினா உடனே தூக்கிட்டு வாங்க. பழுப்பாவே பரவினா நீங்க போட்ட ஈரல்தான். ஈறு என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க." வேப்பமரத்தடியில் குத்தவைத்து டிஷ்யூவைத் தேய்த்தேன். பழுப்பு. ஈறை விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. ஈரல், சுவரொட்டி எல்லாம் கூடினால் மலம் கருக்கும், இளகும். ஆனால் ரோடு போடுகிற தார் மாதிரி பிசுபிசுவென்று, குமட்டுகிற நாற்றத்தோடு வந்தால் அது ஈரல் இல்லை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலிலும் அப்படி வரும். தீனி மாற்றின வாரத்தில் வந்தது என்பதாலேயே தீனிதான் காரணம் என்று ஆகிவிடாது.

இதில் என்னை அதிகம் பயமுறுத்துவது குட்டிகள்தான். ஊசி முடிக்காத இரண்டு மாதக் குட்டியை வாங்கி வந்து, அன்றைக்கே பச்சைக்கறி போட்டு, ரத்தக்கழிச்சலும் வாந்தியும் வந்தபிறகும் "தீனி மாத்தினோம், அதான்" என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருந்தால் ஒரு நாள் தாமதமே உயிரைக் கொண்டுபோய்விடும். குட்டிக்குக் கழிச்சல் என்றால் நோட்டெல்லாம் வேண்டாம், ஓடுங்கள். அதோடு, எலும்பில்லாமல் வெறும் சதைக்கறியில் வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது, பாஸ்பரஸ்தான் நிறைய போகும். உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். கால் வளைந்துபோன குட்டிகளைக் கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தால் நீங்களே பார்க்கலாம்.

கோழித்தோல், கொழுப்பு அதிகம் போனால் கணையம் வீங்கும். அதற்கு ஒரு அடையாளம் சொன்னார்கள்: முன்னங்காலைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். சோம்பல் முறிக்கிறது என்று நினைத்து நாம் கொஞ்சுவோம். வாந்தியும் சேர்ந்திருந்தால் அது வயிற்றுவலி. காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாக ஒரு வாய் கக்குவது அவ்வளவு மோசமில்லை. பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலைக்கும் இடைவெளி கூடியதால் வரும் பித்தம். சுருளிக்குப் படுக்கும் முன் ஒரு வாய் போட்டதும் நின்றது.

"நாயின் வயிற்று அமிலம் எதையும் எரித்துவிடும், கிருமி ஒன்றும் செய்யாது" என்று ஒரு வாதம் உண்டு. நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் சால்மோனெல்லாவைச் சுமந்துகொண்டு, ஒரு அறிகுறியும் இல்லாமல், மலத்தில் நாள்கணக்காக வெளியேற்றும். அள்ளுவது நான். அவன் ராத்திரி படுக்கும் முன் நக்குவது 82 வயது அப்பத்தாவின் காலை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சைக்கறித் தீனி வேண்டாம் என்று கொள்கையாகவே அறிவித்ததற்கு மனிதர்களுக்கு வரும் இந்த ஆபத்தும் ஒரு காரணம். 2018-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பச்சைக் கோழி தின்ற நாய்களுக்குக் கால் விழுந்துபோகும் ஒருவகை நரம்பு வாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்றும், அதில் கேம்பைலோபாக்டர் கிருமிக்குப் பங்கு இருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்பார்கள். பாக்டீரியா சாகாது, தூங்கும். வைகைக் கரை வெயிலில் வெளியே எடுத்து வைத்தால் நன்றாகவே எழுந்துகொள்ளும். நாடாப்புழுவின் கட்டி விஷயத்தில் மட்டும் ஃப்ரீசர் உதவும்: மைனஸ் 17 முதல் 20 டிகிரியில் ஒரு வாரம். ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி பார்த்திருப்பீர்கள், கறிக்கடையில் வெட்டித் தூரப் போடுவார்கள். அதைத் தின்ற நாயின் குடலில் அது நாடாப்புழுவாகும். அதன் முட்டை மலத்தோடு வந்து நம் வயிற்றுக்குள் போனால் நமக்கு ஈரலில் கட்டி. இந்த முட்டை கண்ணுக்குத் தெரியாது, என் நோட்டில் ஏறாது. 2 என்று டிக் அடித்த அழகான மலத்திலும் இருக்கும். பச்சை ஈரல் கொடுத்தால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் கலந்த பூச்சி மருந்து என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஈரல் கொதிக்காமல் கீழே இறங்குவதில்லை.

"ஓநாய் வம்சத்துக்கு எதுக்குச் சோறு?" என்பவர்களுக்கு ஒன்று. ஸ்வீடனில் உப்சாலா ஆய்வாளர்கள் 2013-இல் மரபணுவைப் பார்த்துச் சொன்னது: மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு நகல், நாய்களிடம் நாலு முதல் முப்பது வரை. மனிதனோடு வாழ்ந்து சோற்றுக்குப் பழகிய உடம்பு. கேப்பைக்கூழ் குடித்துவிட்டு முயல் விரட்டிய நம் ஊர் நாய்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு மாதம் நோட்டு எழுதியதில் ஒன்று தெரிந்தது. பச்சைக்கறியில் இருந்த நாட்களில் மலம் சின்னதாக, காய்ந்து, நாற்றம் குறைவாக இருந்தது உண்மை. அதைக் குழுவில் சாதனையாகச் சொல்வார்கள். மாவும் நாரும் குறைந்தால் கழிவும் குறையும், அவ்வளவுதான். வேகவைத்த கறிக்கு மாறியபோது எண் மாறவில்லை, அப்பத்தாவின் காலைப் பற்றிய கவலை மட்டும் போனது. இப்போது வெந்த கறி, கொஞ்சம் சோறு, பரங்கிக்காய், டாக்டர் எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச் சத்துப் பொடி. முடி மின்னுகிறதா என்றால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் மின்னுகிறது.

போன வாரம் நான் வேலையாகச் சேலம் போயிருந்தேன். திரும்பி வந்து நோட்டைப் பிரித்தால், என் கட்டங்களில் அம்மாவின் கையெழுத்து. செவ்வாய்: "2. நல்லா போனான்." புதன்: "3. அப்பத்தா மீன் முள்ளு போட்டாங்க, நான் பார்த்துட்டேன்."