கடாரம் வென்றது ராஜராஜன் அல்ல

"கடாரம் வென்ற ராஜராஜன், ஆதாரம் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கு"ன்னு உங்க பதிவில் போட்டிருக்கீங்க. கடாரம்னா இன்றைய மலேசியாவின் கெடா பகுதி. கல்வெட்டு அங்கே இருக்கு, உண்மைதான். ஆனா அது ராஜராஜனோடது இல்லை.

கல்வெட்டின் தொடக்கத்தில் அரசரோட புகழைப் பாடுற பகுதிதான் மெய்க்கீர்த்தி. அதோட முதல் வார்த்தைகளைப் பாருங்க. "திருமகள் போல"ன்னு தொடங்கினா முதலாம் ராஜராஜன். "திரு மன்னி வளர"ன்னா அவர் மகன் ராஜேந்திரன். அப்பா கட்டின கோயில் சுவரில் மகனும் வெட்டி வச்சிருக்கார். குழப்பமே இங்கேதான். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"ங்கிற கடார வரி இரண்டாவது வகையில்தான் வரும். படையெடுப்பு 1025 வாக்கில். ராஜராஜன் ஆட்சி 1014-லேயே முடிஞ்சிடுச்சு. அவர் மெய்க்கீர்த்தியில் கடல் கடந்த வெற்றின்னா ஈழமும் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" என்கிற மாலத்தீவும்தான்.

சொல்லப்போனா ராஜராஜன் காலத்தில் கடாரத்தோட நல்ல உறவு இருந்தது. கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் பெயரில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணி விகாரம் என்கிற புத்த மடத்துக்கு, தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் ஊரையே பள்ளிச்சந்தமா, அதாவது புத்த, சமணப் பள்ளிகளுக்கு விடுற தானமா கொடுத்தார். லெய்டன் பெரிய செப்பேடு என்கிற சோழர் காலச் செப்பேடு சொல்றது இதைத்தான். அந்த உறவு முறிஞ்சது மகன் காலத்தில்.

கங்கைகொண்ட சோழபுரமும் ராஜேந்திரன் கட்டினதுதான். பதிவில் அதையும் மாத்திடுங்க.