கோவாலாவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு நாள் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. கோவாலாவுக்குத் தடுப்பூசி வந்த செய்தியை வைத்து அந்த மீமைப் போட்டவரை இங்கே டேக் செய்யப் போவதில்லை, யாரென்று உங்களுக்கே தெரியும். மரத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும் கோவாலா, மேலே "பாத்தா பச்சப்புள்ள, வந்திருக்கிறதோ பால்வினை நோய்". நானூறு சிரிப்பு. "இதில் சிரிக்க என்ன இருக்கு?" என்று நான் ஒரே ஒரு வரி கேட்டதற்கு, "மேடம் ஏன் பதறுறீங்க, சொந்த அனுபவமா?" என்று பதில். அந்தப் பதிலுக்கும் லைக் குவிந்தது.

சரி, பதறுகிறேன். பதினோரு வருடமாக லேபில் நின்று ஊரார் மூத்திரத்தையும் ரத்தத்தையும் பார்த்துப் பிழைக்கிறவள் நான். கிளமிடியா என்ற இந்தக் கிருமியைப் பற்றிப் பதற எனக்கு உரிமை உண்டு.

முதலில் கோவாலா. ஆஸ்திரேலியாவில் அதற்குக் கண்ணைக் குருடாக்கி, சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி, கருத்தரிக்க விடாமல் செய்வது கிளமிடியா. சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பத்து வருடத்துக்கும் மேல் உழைத்து ஒரு தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். 2025 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியைத்தான் நீங்கள் மீமாக்கினீர்கள். கோவாலாக் குட்டிக்கு இது எப்படி வருகிறது தெரியுமா? பாலை விட்டு இலைக்கு மாறும் வயதில் தாய் தன் மலத்தையே குழைவாகக் குட்டிக்கு ஊட்டும். யூகலிப்டஸ் இலையைச் செரிக்க வைக்கும் கிருமிகள் அதில்தான் இருக்கின்றன. கிளமிடியாவும் அந்த வழியாகவே போய்விடும். அந்தக் குட்டி எந்த லாட்ஜில் ரூம் போட்டது?

"அது விலங்கு, மனுஷனுக்கு வர்றது வேற." ஆமாம், வேறு இனம்தான். மனிதனுக்கு வருவதையே பேசுவோம். ட்ரகோமா என்று ஒரு கண் நோய். இமை உள்பக்கம் சுருண்டு, முடி கருவிழியை உரசி உரசிப் பார்வை போய்விடும். 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா இதை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1963-இல் தொடங்கிய வேலை. நீங்களும்தான் பெருமையாக ஷேர் செய்தீர்கள், உங்கள் சுவரில் இன்னும் இருக்கிறது. அதை உண்டாக்கும் கிருமி கிளமிடியா ட்ரகோமாடிஸ். மனிதர்களிடம் பால்வினை நோய் என்று நீங்கள் கேலி செய்வதும் அதே கிருமியைத்தான். உள்வகை மாறும், அவ்வளவுதான். ஈ வழியாகவோ துண்டு வழியாகவோ கண்ணுக்கு வந்தால் ஐயோ பாவம். இடுப்புக்குக் கீழே வந்தால் அசிங்கம்.

1950-களில் பெய்ஜிங்கில் டாங் ஃபெய்ஃபான் என்ற விஞ்ஞானி இந்தக் கிருமியை முட்டைக்கருவில் வளர்த்துக் காட்டினார். இதுதான் ட்ரகோமாவை உண்டாக்குகிறது என்று நிரூபிக்கத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டார். கண் வீங்கியது. அவரையும் யாராவது சொந்த அனுபவமா என்று கேட்டார்களோ என்னவோ.

இப்போது அடுத்த கூட்டம் வரும். "ஒழுக்கமா இருந்தா எதுக்குப் பயம்?"

எனக்கு உறவில் ஒரு பெண். தங்கை முறை. கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. அரசமரம், ராமேஸ்வரம், நாட்டு மருந்து எல்லாம் ஆன பிறகு, கர்ப்பப்பைக்குள் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தவள் நான். இரண்டு பக்கமும் சாயம் கருக்குழாய்க்குள் ஓடி, நுனியில் வெளியே சிந்தாமல், உப்பிப்போய் நின்றிருந்தது. நம் ஊரில் இப்படிக் குழாய் அடைக்கக் காசநோயும் பெரிய காரணம், மறுக்கவில்லை. அதையும் பார்த்தார்கள், இல்லை. ரத்தத்தில் கிளமிடியா என்றோ வந்துபோன தடயம் இருந்தது. அவள் வாழ்க்கையில் ஒரே ஆண், தாலி கட்டியவர். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஏதாவது..."

தாலி கட்டியவரிடம் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

பெண்களில் பெரும்பாலானவர்களுக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கும் இது எந்த அறிகுறியும் காட்டாது. எரியாது, வலிக்காது. அதற்குள் குழாய் வடுவாகிவிடும். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று அவர் சொன்னது பொய்யாகக்கூட இருக்காது. ஆனால் சோதிக்காமல் எப்படித் தெரியும்? அவருக்கு ஒரு மூத்திர டெஸ்ட் போதும். கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் ஏழு நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை, விலை ஒரு சினிமா டிக்கெட் வராது. வெள்ளைப்படுது, அடிவயிறு வலிக்குது என்று வாய்விட்டுச் சொன்னால் அரசு மருத்துவமனையில் கலர் கவரில் மருந்து தருவார்கள். ஒன்றுமே தெரியாதவள் எதைச் சொல்லி வரிசையில் நிற்பாள்?

படித்த ஒருத்தர் இன்பாக்ஸில், "எல்லாரையும் சோதிப்பதால் பலனில்லை என்று லண்டன் ஆய்வு சொல்கிறதே" என்றார். நானும் படித்திருக்கிறேன். 1996-இல் சியாட்டில் ஆய்வில், சோதிக்க அழைக்கப்பட்ட பெண்களிடம், கர்ப்பப்பையும் குழாயும் புண்ணாகும் இடுப்பறை அழற்சி பாதிக்கும் கீழே போனது. 2010-இல் லண்டன் மாணவிகளில் உடனே சோதிக்காதவர்களிடம் அது 1.9 சதவீதம், சோதித்தவர்களிடம் 1.3, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள். சரி, அவர்கள் சண்டை போடட்டும். ஊரையே சோதிப்பதா வேண்டாமா என்பது அவர்கள் சண்டை. ஒரு வீட்டில் புருஷனைச் சோதிக்க வாய் வரவில்லையே என்பது என் சண்டை. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

"ஒரு பொம்பளை பொதுவெளியில இதெல்லாம் பேசலாமா?" என்ற அண்ணன்களுக்கு: வேலையிடத்தில் உங்கள் சாம்பிளையும் நான்தான் பார்க்கிறேன். அங்கே ரொம்ப மரியாதையாகத்தான் நீட்டுகிறீர்கள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுக்கா, நான்னு மட்டும் தெரிய வேண்டாம்" என்றாள். பிறகு அவளே அவர்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து காட்டினாள். அதே கோவாலா. அனுப்பியிருந்தது அவள் வீட்டுக்காரர். கீழே நாத்தனார், கொழுந்தன், மாமா என்று வரிசையாகச் சிரிப்பு. ஏழாவதாக இவளும் ஒன்று போட்டிருந்தாள்.

"எல்லாரும் போட்டாங்கக்கா. நான் மட்டும் போடலைன்னா பாப்பாங்கல்ல."