அது டரான்டுலா இல்லைங்க

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு விடுதி அறை, கதவுக்கு மேலே சிலந்தி, கீழே நாலு பேர் அலறல், கடைசியில் செருப்படி. மேலே ஒரு தலைப்பு: 'கொடைக்கானலில் கொடிய டரான்டுலா!'

அது டரான்டுலா இல்லை.

நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தட்டையான உடம்பு. நண்டுக்கால் மாதிரிப் பக்கவாட்டில் விரிந்த கால்கள். முகத்துக்குக் குறுக்கே வெளிர்ப் பட்டை. டரான்டுலா என்றால் கால் தடியாக, ரோமம் அடர்ந்து இருக்கும். அதுவும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு, மரப்பொந்துகளில். இது ஹண்ட்ஸ்மேன் என்கிற சிலந்தி. அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1767லேயே பெயர் வைத்துவிட்டார், நமக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை. வலை கட்டாது, ராத்திரியில் சுவரில் ஓடிக் கரப்பான் பிடிக்கும். கப்பலில் வாழைத்தாரோடு ஊர் ஊராகப் போனதால் வாழைச் சிலந்தி என்றும் சொல்வார்கள்.

இதைத்தான் அங்கே கமெண்டில் பொறுமையாக எழுதினேன். 'பூச்சி டாக்டர் வந்துட்டாருடா' என்று பதில். அதற்கு எண்பது சொச்சம் சிரிப்பு. அதில் ஒன்று என் சித்தப்பா மகனுடையது. சிரி தம்பி. உன் கல்யாணத்தன்று பந்தல் வாழைத்தாரிலிருந்து ஒன்று இறங்கியதே, உன் பத்திரிகையையே அடியில் செருகி டப்பாவோடு தூக்கிக் கொண்டுபோய்த் தோட்டத்தில் விட்டது யார்?

'குழந்தை இருக்கிற வீடு சார்' என்பீர்கள். நியாயம். கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும், வீங்கும், அடங்கிவிடும். ஆளைக் கொல்லாது. வேண்டாமென்றால் வெளியே விடுங்கள், அதற்கு ஒரு டப்பா போதும். 'மேலே ஓடினாலே கொப்புளம் வரும்' என்கிறவர்களுக்கு: அந்தக் கொப்புளம் பெரும்பாலும் ஒரு சின்ன வண்டின் வேலை, தோலில் நசுங்கினால் எரியும். பழி மட்டும் எட்டுக்கால் பூச்சிக்கு. 'அப்ப நீங்களே வளர்த்துக்கோங்க' என்பவர்களுக்குப் பதில் இல்லை, வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பயப்படக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? துண்டை உதறும்போது ஒன்று தோளில் விழுந்து, அரைகுறையாக முற்றத்துக்கு ஓடி வந்தவன்தான் நானும். பயப்படுங்கள். ஆனால் எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று ஒரு தடவை பாருங்கள். இயற்கையோடு தங்க வேண்டுமென்று காசு கட்டி மலையேறி வருகிறீர்கள், அது சுவரில் வந்து நின்றால் செருப்பைக் கழற்றுகிறீர்கள். சரி, விடுங்கள்.

இல்லை, விட முடியவில்லை. அடி விழுவதற்கு முன்னால் அதன் வயிற்றுக்குக் கீழே பாருங்கள். வெள்ளையாக, ரூபாய் நாணயம் மாதிரி ஒரு வில்லை. முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும், தாய் அதைத் தூக்கிக்கொண்டே திரியும்.

எங்கள் அடுப்படியில் நாள்காட்டிக்குப் பின்னால் ஒருமுறை இதே மாதிரி ஒன்று வந்து ஒண்டியது. விளக்குமாற்றோடு போனேன். பல்லிக்கே கூச்சல் போடுகிற அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். 'பிள்ளைத்தாச்சிடா, விடு.' அதற்கு இடைஞ்சலாக இருக்கும் என்று தேதித் தாளைக்கூடக் கிழிக்கவிடவில்லை. வெளியே கார்த்திகை பிறந்துவிட்டது, எங்கள் அடுப்படியில் மட்டும் ஐப்பசி ஏழாம் தேதியே தொங்கிக்கொண்டிருந்தது.