அலாஸ்கா ஹெலி-ஸ்கீயிங்குக்கு டிசம்பர்தான் சரியான மாதமா?

"அலாஸ்காவின் வால்டீஸில் ஹெலி-ஸ்கீயிங் போக டிசம்பர்தான் தோது, பனி கொட்டும், தினமும் பறக்கலாம்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. ஹெலி-ஸ்கீயிங் என்றால் ஹெலிகாப்டரில் மலை மேலே போய் இறங்கி, பனி மூடிய சரிவில் சறுக்கிக்கொண்டு வருவது.

பனி கொட்டும் என்பது சரி. பக்கத்திலுள்ள தாம்சன் கணவாயில் 1952-53 குளிர்காலத்தில் மட்டும் 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே பகல் 6 மணி நேரம்கூட இல்லை. அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் வரை பறக்கின்றன. மார்ச் கடைசியில் பகல் 12 மணி நேரத்தைத் தாண்டிவிடும்; அதற்குள் பனியும் தடிமனாகப் படிந்திருக்கும்.

தினமும் பறக்கலாம் என்பது எந்த மாதத்துக்கும் பொருந்தாது. அலாஸ்கா வளைகுடாவின் ஈரக்காற்றுதான் இவ்வளவு பனிக்கும் காரணம். அதே காற்றுதான் மேகத்தையும் கூட்டிவந்து ஹெலிகாப்டரைத் தரையில் உட்காரவைக்கிறது. மேகம் மூடினால் சரிவும் வானமும் ஒரே வெள்ளை, மேடு பள்ளம் விமானிக்கே தெரியாது. சரி, வெயில் வந்துவிட்டது, கிளம்பலாமா? அப்போதும் பொறுக்க வேண்டியிருக்கும். புதுப்பனி பழைய பனியோடு ஒட்டவில்லை என்றால் சரிவே பெயர்ந்து வரும். வழிகாட்டிகள் குழி தோண்டி அடுக்கடுக்காகத் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். ஒரு வாரப் பயணத்தில் சில நாள் விடுதியில் சும்மா உட்கார்ந்திருப்பது அங்கே சகஜம். விளம்பரப் படங்களில்தான் அது வராது.