முட்டை ஓட்டில் முளைத்த முடி

அக்கா மகளுக்குப் பள்ளியில் 'பெண் விஞ்ஞானி' புராஜெக்ட். வழக்கம்போல மேரி கியூரி படத்தை பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டி, கீழே நாலு வரி. எழுதியது அக்கா, ஒட்டியது மாமா. பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் அவள் எதைக் கற்றாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஜானகி அம்மாளை எடுத்துக்கொள்ளலாமே என்றேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் 1931-இல் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கிய தாவரவியலாளர். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கலப்புச் செய்து பார்த்தவர். கடைசிக் காலத்தில் இருந்தது நம் மதுரவாயலில்தான்.

சரி, செடியோடு வாழ்ந்தவருக்குப் படம் எதற்கு? இரண்டு முட்டை ஓடுகளைக் கழுவிக் கொடுத்தேன். கண்ணும் மூக்கும் அவளே வரைந்தாள். இரண்டுமே ஜானகி அம்மாளாம், ஒருவர் கொஞ்சம் கோபமாக இருந்தார். உள்ளே ஈரப் பஞ்சு, மேலே இரவு ஊறவைத்த வெந்தயம் ஒரு ஸ்பூன். ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று எவர்சில்வர் டப்பாவுக்குள். தினமும் இரண்டுக்கும் நாலு சொட்டுத் தண்ணீர்.

ஐந்தாம் நாள் ஜன்னலோரத்து அம்மாளுக்குக் குட்டையாகப் பச்சை முடி. டப்பாவைத் திறந்தால் நீளமாக, வெளுத்த மஞ்சளில்! "இவங்களுக்கு மட்டும் ஏன் செம்பட்டை?" என்றாள். அந்தக் கேள்விக்காகத்தான் டப்பாவே. வெளிச்சம் இல்லாமல் பச்சையம் உருவாகாது. விதைக்குள் இருக்கும் உணவைச் செலவழித்து, வெளிச்சத்தைத் தேடி தண்டு நீண்டுகொண்டே போகும்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எட்டிப் பார்த்து, "முளைப்பாரி மாதிரில்ல இருக்கு" என்றார். அட, ஆமாம்! மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் நவதானியத்தை இருட்டறையில் வைத்து வளர்ப்பது இதே மஞ்சளுக்கும் உயரத்துக்கும்தானே. எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள், எப்போது வெளியே எடுப்பது எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் அவளாகவே மூன்றாவது ஓடு ஒன்று போட்டாள். தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியதில் வெந்தயம் அழுகிப்போனது. அக்கா தூக்கிப் போடப் பார்த்தாள். "இன்னும் எழுதி முடிக்கல" என்று பிள்ளை தடுத்துவிட்டாள். நாற்றம் தாங்கவில்லை, இப்போது பால்கனியில் இருக்கிறது.